பதினோரு கூப்பன் கவுன்!

அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் என்றால் நமக்குப் புரியும். போடுகிற துணிக்கே ரேஷன் என்றால்?

1941, ஜூன் 1. ஞாயிற்றுக்கிழமை. ரேடியோவைத் திருப்பிய பிரிட்டிஷ் மக்களுக்கு அந்த அதிர்ச்சிதான் காத்திருந்தது. உலகப் போர் நேரம். கம்பளி, ஆலை, ஆட்கள் எல்லாமே ராணுவத்துக்கு வேண்டும். எனவே, 'இனி தலைக்கு வருஷத்துக்கு 66 கூப்பன்' என்று அறிவித்தார் வர்த்தக அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன். விஷயம் முன்பே கசிந்தால் கடைகள் காலியாகிவிடுமே! அதனால் தனிக் கூப்பன்கூடத் தரவில்லை. உணவு ரேஷன் புத்தகத்தில் இருந்த மார்கரின் கூப்பனைக் கொடுத்துத் துணி வாங்கச் சொன்னார்கள்.

ஒரு கம்பளி கவுனுக்கு 11 கூப்பன். ஆறு கவுன் வாங்கினால் கணக்கு முடிந்தது. கோட்டு, ஷூவுக்கெல்லாம் மிச்சம் பூஜ்யம்!

அப்படி வாங்கும் துணி உழைக்க வேண்டாமா? தரத்தையும் விலையையும் அரசே நிர்ணயித்து 'யுடிலிடி' உடைகளைக் கொண்டுவந்தது. அடையாளம், 'சிசி41' என்ற லேபிள். அந்த இரண்டு 'சி'யும் துண்டு வெட்டிய சீஸ் கட்டி மாதிரி இருந்ததால், மக்கள் வைத்த பெயர் 'சீஸ்'!

இன்று அந்த கவுன்களுக்குப் பழந்துணிச் சந்தையில் தனி மவுசு. அசலா, போலியா, எப்படிக் கண்டுபிடிப்பது?

லேபிளை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிரித்தெடுத்து வேறு துணியில் தைப்பது சுலபம். தையல் நூல் ஒத்துப்போகிறதா பாருங்கள். லேபிள் அசலாகவே இருந்தாலும், 'போர்க்காலத்து கவுன்' என்று சத்தியம் செய்ய முடியாது. போர் 1945-லேயே முடிந்தது. யுடிலிடி திட்டம் 1952 வரை ஓடியது! இடுப்புப் பக்கவாட்டில் உலோக ஜிப்போ பிரஸ் பட்டனோ இருந்தால் நல்ல அறிகுறி. நைலான் ஜிப் என்றால் பின்னால் மாற்றியதாக இருக்கலாம். உள்தையலில் ஒரே ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பலாகப் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியானால் செயற்கை நூல்.

வாங்கியாச்சா? இனி எதிரி அந்துப்பூச்சி. தின்பது பூச்சியல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடம் என்றால் அதற்கு விருந்து! எனவே, அழுக்கோடு மடித்து வைக்கவே கூடாது. சுடுதண்ணீர் பட்டால் கவுன் சுருங்கிவிடும். ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுத்துக்கொள்ளும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கை வசமாக வையுங்கள். புழு சந்தேகமா? காற்றுப் புகாத பையில் போட்டு, இரண்டு வாரம் ஃப்ரீஸரில்!

'இருப்பதைத் தைத்துப் போடுங்கள்' என்று 1943-ல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட கையேடும் அந்துப்பூச்சி பற்றி எச்சரித்தது. அந்த கவுன் பொத்தல் விழாமல் உங்கள் கைக்கு வந்திருக்கிறதென்றால், காரணம் லேபிள் அல்ல. 11 கூப்பனைக் கிழித்துக் கொடுத்த யாரோ ஒரு பெண்ணின் கவனம்!