முதலில் ஒரு பிளேடு

செய்யாற்றங்கரையில், ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டிய கலசப்பாக்கத்தின் பெட்டிக்கடைகளில் சவர பிளேடை இன்றும் ஒற்றையாகக் கேட்டு வாங்கலாம். ஐந்து பிளேடுகள் கொண்ட சிறு பெட்டியைப் பிரித்து, தாள் சுற்றிய ஒன்றைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். இந்த எளிய வழக்கத்துக்கு மேலைநாடுகளில் இப்போது புதிய மவுசு ஏற்பட்டிருக்கிறது. பல நிறுவனங்களின் இருபுற பிளேடுகளை வகைக்குச் சிலவாகத் தொகுத்தும், சவர சோப்பைச் சிறு வில்லைகளாக அடைத்தும் மாதிரித் தொகுப்பு என்று விற்கிறார்கள். இந்தியத் தயாரிப்பான டோபாஸ், செவன் ஓ கிளாக் பிளேடுகளுக்கும் அங்கே தனி ரசிகர்கள் உண்டு.

தூரிகை, சோப்பு, நீர், ஒற்றை பிளேடு பொருத்தும் உலோகச் சவரக்கருவி ஆகியவை மட்டுமே கொண்ட பழைய முறைக்குத் திரும்புவோர் நம்மிடையேயும் கூடிவருகின்றனர். பல அலகு கொண்ட கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலையில் இருபுற பிளேடுகள் கைநிறைய வாங்கலாம் என்பது முதற்காரணம். ஆனால், எந்த பிளேடு எந்த முகத்துக்குப் பொருந்தும் என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல இயலாது. என் நண்பருக்கு வெண்ணெயாய் வழுக்கிய பிளேடு என் தாடையில் எரிச்சலை மூட்டியது. ஆகவே, சிறிய அளவில் வாங்கிச் சோதிப்பது இதில் பொழுதுபோக்கு அல்ல, தேவை.

சிறிய அளவில் விற்பதில் தமிழகத்துக்குப் பெருமைக்குரிய வரலாறு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், வசதி படைத்தவர்கள் பயன்படுத்தும் பொருள் கூலித்தொழிலாளிக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணத்துடன் பொருட்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்துப் பார்த்தவர். அந்த வழியில் வந்ததுதான் வெல்வெட் ஷாம்பு. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் ரூ.15,000 முதலீட்டில் தனியே தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு பின்னர் 50 பைசாவுக்குச் சிற்றூர்க் கடைகளில் தோரணமாகத் தொங்கியது. முழுப் புட்டிக்குப் பணம் கட்டாமலேயே ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அதனால் எளியவருக்குக் கிடைத்தது.

சவரக்கருவியின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று நிலைத்துவிட்டது. கிங் ஜில்லெட் கருவியை ஏறத்தாழ இலவசமாகக் கொடுத்து, பிளேடு விற்றே பொருளீட்டினார் என்பர். 1904-இல் காப்புரிமை பெற்ற அவருடைய கருவி 5 டாலருக்கு விற்றது. அன்று அது மலிவான விலையே அல்ல. காப்புரிமைக் காலம் 1921-இல் முடிந்து போட்டியாளர்கள் நுழைந்த பிறகே விலை இறங்கியது. ஆனால், முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் கருவிகளும் 3.6 கோடி பிளேடுகளும் வாங்கியபோது, ஒரு தலைமுறையே அரசுச் செலவில் மாதிரி பார்த்து, வீடு திரும்பிய பின் வாடிக்கையாளராக மாறியது.

சோதிக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே நிறுவனத்தின் இந்திய அனுபவம் சான்று. 2002-இல் இந்தியச் சந்தைக்கென, சிக்கிய முடியைத் தள்ளிவிடும் அமைப்புடன் ஒரு கருவியை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பயிலும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்ததில் எல்லோரும் பாராட்டினர். இந்தியாவுக்கு வந்ததும் கருவி சறுக்கியது. மாணவர்கள் குழாய் நீரில் கழுவினார்கள். இங்கே எண்ணற்ற ஆண்கள் தரையில் அமர்ந்து, சிறு கண்ணாடியை எதிரே வைத்து, ஒரு குவளை நீரில் முகம் மழிப்பவர்கள். ஓடும் நீரின்றி முடி கருவியிலேயே அடைத்துக்கொண்டது. பின்னர் இந்திய வீடுகளுக்கே வந்து பார்த்து வடிவமைத்த கார்ட் கருவியை 2010-இல் ரூ.15-க்கும், அதற்கான பிளேடை ரூ.5-க்கும் வெளியிட்டார்கள். அது விற்றது.

இந்தப் பாடம் வீட்டளவிலும் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்துடன் சேர்ந்து கரையாத படிவாகிவிடும், நுரை எழாது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் சோர்ந்து கிடந்த ஒரு சோப்பு, பிடித்துவைத்த மழைநீரில் தயிர்போல் திரண்டது. ஊர் மாறினால் தீர்ப்பும் மாறும். 10 கிராம் வில்லை எனக்குப் பன்னிரண்டு சவரங்களுக்கு வந்தது. ஒரு சோப்பை அறிய அது தாராளம்.

நான் கடைப்பிடிக்கும் விதி எளிது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளேடைச் சோதிக்கும் வாரத்தில் சோப்பும் கருவியும் பழையனவாகவே இருக்கட்டும். முதல் சவரத்தை வைத்து முடிவுக்கு வரலாகாது. மூன்றாம், நான்காம் சவரத்தில்தான் பிளேடின் குணம் வெளிப்படும். புதிய சோப்பை முகத்தில் இடும் முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். தொடுதலால் வரும் ஒவ்வாமை உடனே தெரிவதில்லை; 48 மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். வெட்டுக்காயத்துக்கு நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் படிகாரத் துண்டு போதும். ஆனால், அதை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கருவியும் பிளேடும் அப்படியே. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. சலூன்களில் பழைய தீட்டுக்கத்தி மறைந்து, இருபுற பிளேடைப் பாதியாக ஒடித்து ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பொருத்தும் கத்தி வந்ததன் நியாயம் இதுதான். (பிளேடைப் பற்றி அறிய விரும்புவோர் விளம்பரத்தைவிட சலூன்காரரைக் கேட்பது நல்லது. ஒரே பிளேடு வகையை நூறு முகங்களில் ஓட்டிப் பார்த்தவர் அவர்.)

சிறு பொட்டலங்களில் என்னை உறுத்துவது வேறொன்று. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள், சேர்மானங்களின் பட்டியலை உறையில் அச்சிட வேண்டும் என்கின்றன. ஆனால், 30 கிராமுக்குக் குறைவான திட, அரைத்திடப் பொருட்களுக்கும் 60 மில்லி லிட்டருக்குக் குறைவான திரவங்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அச்சிட இடமில்லை என்பது இதற்குக் காரணமாகலாம். எனினும், தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அறியவே ஒருவர் சிறிய அளவை வாங்குகிறார். அந்தப் பொட்டலத்திலேயே பட்டியல் இல்லை. பெரிய அளவையே வாங்க இயலாத கூலித்தொழிலாளி அதை ஒருபோதும் பார்க்கப்போவதில்லை. ஒவ்வாமை ஏற்பட்டு மருத்துவரிடம் செல்பவர், எதனால் என்று காட்டக் கையில் ஒன்றுமின்றி நிற்பார். பட்டியல் உள்ள உறைகளிலும் மணப்பொருள் என்ற ஒரே சொல்லுக்குள் பல வேதிப்பொருட்கள் அடங்கிவிடுகின்றன என்பது தனிக் கதை.

இந்த விலக்கை நீக்குவதில் பெரிய தடை இருப்பதாகத் தோன்றவில்லை. பொட்டலங்கள் சரமாகத்தான் கடைக்கு வருகின்றன. சரத்தின் தலைப்பில் பட்டியலை அச்சிடலாம். ஒவ்வொரு பொட்டலத்திலும் விரைவுக் குறியீட்டுக் கட்டம் ஒன்றைப் பதித்து, தமிழிலேயே விவரம் தரலாம். கைப்பேசி இல்லாதவருக்காகக் கடையில் ஒரு தாள் இருந்தால் போதும்.

குப்பையின் கணக்கையும் பார்க்க வேண்டும். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் பலவற்றுக்குத் தடை நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் பல அடுக்குப் பொட்டல உறைகள் செய்யாற்று மணலிலும் மலைப்பாதை ஓரங்களிலும் கிடக்கின்றன. அடுக்குகளைப் பிரிப்பது கடினம் என்பதால் பழைய பொருள் வாங்குவோரும் அவற்றைச் சீந்துவதில்லை. தாள் சுற்றிய சோப்பு வில்லையும் தாள் உறையிட்ட பிளேடும் இந்த வகையில் மேலானவை.

பிளேடுக்கு உள்ள சிக்கல் வேறு. அதைக் குப்பையில் வெறுமனே போட்டால், வெறுங்கையால் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலைத்தான் அது பதம் பார்க்கும். மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பா இதற்குப் போதுமானது. பிளேடு மெல்லியது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். என் டப்பாவில் மூன்று ஆண்டுகளாகப் போட்டுவருகிறேன். இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. நிரம்பியதும் வாயை அடைத்து, மேலே எழுதி ஒட்டி, பழைய இரும்புக் கடைக்காரரிடம் சொல்லிக் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன்.