மலையேறாத பயிற்சி

ஜமுனாமரத்தூர்ல பிளஸ் டூ முடிச்ச ஒரு பொண்ணு, ஆம்புலன்ஸ்ல மருத்துவ உதவியாளர் ஆகணும்னா என்ன வழி? இந்த எபிசோடுக்காக நான் தேடின கேள்வி இதுதான்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஆளெடுக்கும் அறிவிப்புகளைப் பார்த்தா, பயிற்சி சுமார் 50 நாள்தான். அதையும் வேலைக்கு எடுக்கிறவங்களே கொடுத்துடுறாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே நர்சிங், டிஎம்எல்டி மாதிரி ஒரு படிப்பு கேட்கிறாங்க. ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்குத் தடை அங்கேதான். அதைப் படிக்க மலையை விட்டு இறங்கணும்.

வேற வழி இல்லையா? 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், போலீஸ் வேன்தான் நோயாளிகளை அள்ளிட்டுப் போகும். டாக்டர் பீட்டர் சஃபார், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு உயிர்காக்கும் பயிற்சி கொடுத்தார். பள்ளியையே முடிக்காதவங்களும் அதில் இருந்தாங்க. அந்த ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ்தான் பின்னால் பல ஊர்களுக்கு முன்மாதிரி. அவ்வளவு தூரம் போக வேண்டாம். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில், டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஆஸ்பத்திரி தொடங்கி, உள்ளூர் பழங்குடிப் பெண்களையே செவிலியர் வேலைக்குப் பழக்கினாங்க.

ரெண்டு இடத்திலும் பயிற்சிதான் ஆளைத் தேடிப் போச்சு. நம்ம மலைக்கும் அது ஏறி வரணும்னு கேட்கிறதில் தப்பே இல்லைங்க.