ஆறு பெரிதா, ஒன்று பெரிதா? வரிசை அளவுகோலை விளங்கிக்கொள்வோம்

சுவிசில் படிக்கும் பிள்ளை 6 எடுத்தால் வீட்டில் கொண்டாட்டம். ஜேர்மனியில் இருக்கும் மச்சாள் அதே 6ஐ எடுத்தால் அது ஆகக் கடைசித் தரம். அங்கே 1தான் முதல்தரம். ஊரிலிருந்து புள்ளி விசாரிக்கும் அம்மம்மாவுக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும்.

இந்த இலக்கங்கள் எது முந்தியது, எது பிந்தியது என்று மட்டுமே உறுதியாகச் சொல்கின்றன. இரண்டு படிகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்று சொல்வதில்லை. புள்ளிவிபரவியலில் இதுவே வரிசை அளவுகோல். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் 1946இல் அளவுகோல்களைப் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்தார்.

இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையை எடுப்போம். 75உம் அதற்கு மேலும் ஏ. 65 முதல் 74 வரை பி. 50 முதல் 64 வரை சி. 35 முதல் 49 வரை எஸ். 74 எடுத்தவருக்கும் 75 எடுத்தவருக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம், எழுத்தோ வேறு. 75உம் 100உம் ஒரே ஏ. எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தூரமெல்லாம் தெரியாது.

வைத்தியசாலையில் இது விளையாட்டல்ல. "நோ 0 முதல் 10 வரை எவ்வளவு?" என்று தாதி கேட்பார். 8 என்பது 4இன் இருமடங்கு நோ அல்ல. ஒருவரின் 4ஐ இன்னொருவரின் 4உடன் ஒப்பிடவும் முடியாது. நேற்று 7 சொன்னவர் இன்று 5 சொன்னால் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குத்தான் அந்தக் கேள்வி. நம் அம்மாமார் "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்பார்கள். மொழிபெயர்க்கப் போன நாம் அதை 3 ஆக்கிச் சொல்லிவிடுகிறோம். அந்த இலக்கத்தை அம்மாவே சொல்லவேண்டும். விரலால் காட்டினாலும் போதும்.

நம் தமிழ்ப் பாடசாலைகளில் பெற்றோரிடம் கருத்துக் கேட்கும்போதும் இந்தச் சிக்கல் வரும். 'மிகத் திருப்தி' 5, 'திருப்தியே இல்லை' 1 என்று வையுங்கள். பத்துப் பேர் 5, பத்துப் பேர் 1 போட்டால் சராசரி 3. "பரவாயில்லை" என்று நிர்வாகம் அறிக்கை எழுதிவிடும். உண்மையில் அப்படிச் சொன்ன பெற்றோர் ஒருவர்கூட இல்லை. நடுவில் நிற்கும் இடையமும் இங்கே 3தான், அதுவும் கைகொடுக்காது. ஒவ்வொரு விடைக்கும் எத்தனை பேர் என்று அப்படியே எண்ணிப் போடுங்கள். அதிருப்தியான அந்தப் பத்துப் பேரிடம் காரணம் கேட்க அப்போதாவது ஒருவர் எழும்புவார்.