உயர் ஒளிவீச்சுத் திரையில் வர்ணப் பிழைகள்

மேஜைக் கணினியில் எச்.டி.ஆர். எனப்படும் உயர் ஒளிவீச்சு முறையை இயக்கியவுடன், அதுவரை துலக்கமாக விளங்கிய எழுத்துகளும் படங்களும் சாயம் போனவைபோல் வெளிறியோ, சாம்பல் பூத்து மங்கியோ, சில சமயங்களில் மிகையான நிறமேறியோ தோற்றமளிப்பதே ஈண்டு வர்ணப் பிழை எனப்படுகிறது. திரை பழுதுபட்டதனால் இது நேர்வது அரிது. இருவேறு வர்ணக் கணக்குகள் ஒரே திரையில் ஒரே சமயத்தில் வழங்க வேண்டியிருப்பதும், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பொறுப்பு இயக்குதளம், வரைகலை அட்டை, திரை ஆகிய மூன்றனிடையே தெளிவின்றிச் சிதறிக் கிடப்பதுமே இதற்கு மூலகாரணம்.

பழைய கணக்கு எஸ்.ஆர்.ஜி.பி. என்பது. ஹியூலட்-பேக்கார்ட், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 1996இல் முன்மொழிந்து, 1999இல் சர்வதேசத் தரமாக அங்கீகாரம் பெற்ற இம்முறை, கண்ணாடிக் குழாய்த் திரைகளின் காலத்தது. அதன் மாதிரித் திரையின் வெண்மைக்குக் குறித்த பிரகாசம், நிட் என்னும் ஒளி அலகில், 80 மாத்திரமே. இதில் உச்ச எண்ணான 255க்கு நிரந்தரமான ஒளியளவு இல்லை. ஊருக்கு ஊர் கொள்ளளவு மாறிய பழைய படியைப்போல, அது அந்தந்தத் திரை தரக்கூடிய உச்சத்தையே குறித்தது.

புதிய கணக்கோ இதற்கு நேர்மாறானது. டால்பி ஆய்வாளர்கள் வகுத்து 2014இல் தரமாக வெளிவந்த பி.க்யூ. வளைகோட்டில், ஒவ்வோர் எண்ணும் இத்தனை நிட் என்று அறுதியிட்டுச் சொல்லப்படுகிறது. அதன் உச்சம் 10,000 நிட். அத்துடன், 2012இல் வரையறுக்கப்பட்ட ரெக். 2020 என்னும் விரிந்த வர்ணப் பரப்பும் சேர்ந்தது. பிபிசியும் ஜப்பானின் என்.எச்.கே.யும் ஒளிபரப்புக்கென உருவாக்கிய மற்றொரு வளைகோடும் உண்டு. கணினித் திரைகளில் பெரும்பாலும் பி.க்யூ.வே வழங்குகிறது.

இவ்விரு கணக்குகளும் மோதும் இடத்தை விண்டோஸில் தெளிவாகக் காணலாம். 2017ஆம் ஆண்டின் இலையுதிர்கால வெளியீட்டிலேயே விண்டோஸ் 10 இம்முறையைப் பொதுப் பயனருக்கு அளித்தது. முறையை இயக்கியதும், திரையில் உள்ள சாதாரண ஜன்னல்கள் யாவும் புதிய கணக்குக்கு மாற்றப்பட வேண்டும். அப்போது வெள்ளைக் காகிதத்துக்கு எத்தனை நிட் என்று எவரேனும் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தை அமைப்புப் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்லைடர் செய்கிறது. 250 நிட் வெண்மைக்குப் பழகிய கண்ணுக்கு, அது தாழ்ந்திருக்குமாயின் உலகமே சாம்பலாகத் தெரியும்.

இதனினும் நுட்பமானது நிழற்பகுதியில் நிகழும் பிழை. சாதாரணப் படங்களை மாற்றுகையில் விண்டோஸ், எஸ்.ஆர்.ஜி.பி. விதியில் எழுதியுள்ள வளைகோட்டை அப்படியே பின்பற்றுகிறது. அவ்வளைகோடு கருமைக்கு அருகில் நேர்கோடாக அமைந்தது. ஆனால் நடைமுறையில் திரைகள் பலவும் 2.2 என்னும் எளிய அடுக்குக் கோட்டையே அனுசரித்து வந்தன. ஆகவே இரவுக் காட்சிகளின் கருமை, பழகிய நிலையைவிடச் சற்றே எழும்பி வெளுக்கிறது. விதிப்படி இது பிழையற்றதாயினும், பல்லாண்டுகளாக மக்கள் கண்ட காட்சியைப் புறக்கணித்த விதி பூரணமானதென்று கொள்வதற்கில்லை.

நிறம் குறைந்ததாக எழும் முறையீடுகளில் ஒரு பகுதிக்கோ வேறு காரணம் உண்டு. விரிந்த வர்ணப் பரப்புள்ள திரைகள், கட்டுப்பாடற்ற நிலையில் பழைய படங்களின் சிவப்பையும் பச்சையையும் மிகைப்படுத்திக் காட்டும்; உயர் ஒளிவீச்சு முறையில் அந்த மிகை நீங்கி உண்மை நிறம் வெளிப்படும்போது, பயனர் அதைக் குறைபாடாக எண்ணுகிறார்.

திரையின் குறைகளும் இல்லாமலில்லை. 2017 டிசம்பரில் வெசா அமைப்பு வெளியிட்ட டிஸ்ப்ளே எச்.டி.ஆர். சான்றிதழின் கீழ்ப்படியான 400, பகுதி பகுதியாகப் பின்னொளியைக் குறைக்கும் ஆற்றலைக் கட்டாயமாக்கவில்லை; அத்தகைய திரையில் பின்னொளி முழுவதும் ஓங்கிக் கருமை சாம்பலாகிவிடும். அதை உயர் ஒளிவீச்சென்று விற்பது வாங்குவோர்க்கு இழைக்கும் அநீதியே. அன்றியும், திரை தன் உச்சப் பிரகாசத்தைத் தவறாக அறிவித்தால், விளையாட்டு மென்பொருள் ஒருமுறையும் திரை மற்றொருமுறையுமாக ஒளியை அடக்கி, மேகங்களின் விவரத்தை அழித்துவிடும். இதைத் திருத்தும் அளவீட்டுச் செயலியை மைக்ரோசாஃப்ட் 2022இல் வெளியிட்டது.

இணைப்புக் கம்பியும் கவனத்துக்குரியது. எச்.டி.எம்.ஐ. 2.0 வினாடிக்கு 18 கிகாபிட்டே கொள்ளும். 4கே, 60 ஹெர்ட்ஸ், 10 பிட் முழுவர்ணம் அதில் அடங்காது. எனவே கணினி 8 பிட்டுக்கு இறங்கும். அல்லது நிறத்தகவலைக் குறைக்கும்; அப்போது சிறிய வண்ண எழுத்துகளின் ஓரம் கசியும்.

ஆப்பிள், வெண்மையைப் பயனர் வைத்த பிரகாசத்திலேயே நிறுத்தி, அதற்கு மேலுள்ள இடத்தை மட்டும் மிகையொளிக்கு ஒதுக்குவதால் அங்கே இத்தொல்லை குறைவு. லினக்ஸில் கே.டி.இ. பிளாஸ்மா 6 என்னும் மேசைச்சூழல் 2024இல் தொடக்க ஆதரவு தந்தது. லினக்ஸின் காட்சி நெறிமுறையான வேலண்டின் வர்ணப் பகுதி 2025இல்தான் ஏற்கப்பட்டது.

இக்கோளாறுகள் தீருமளவும், எழுத்துப் பணிக்கும் அச்சுக்கான படப்பணிக்கும் இம்முறையை நிறுத்திவைத்து, அதற்கெனத் தயாரித்த திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் மட்டும் இயக்குவதே உசிதம். விண்டோஸ் 11இல் விண்டோஸ், ஆல்ட், பி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இம்முறையை இயக்கவும் நிறுத்தவும் இயலும்.