கொதிகலனும் குடிக்கூலியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருவொன்றில், பழைய வாடகை வீட்டில் சில காலம் குடியிருந்தேன். சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும். மாரி வந்தால் கூரை ஒழுகும். குளியலறை மூலையில் வெந்நீர்க் கொதிகலன் ஒன்று இருந்தது. வெயில் கொளுத்தும் ஊரில் வெந்நீர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிள்ளை பெற்ற பெண்ணும் மூட்டுவலியால் வருந்தும் முதியவரும் உள்ள வீட்டில் அக்கேள்வி எழுவதில்லை.

ஒரு மார்கழியில் அக்கொதிகலன் பழுதுற்றது. அடியில் நீர் கசிந்தது. மிகுந்த அழுத்தத்தை வெளியேற்ற வேண்டிய வால்வு துருவேறி இறுகிக் கிடந்தது. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றார் வீட்டுக்காரர். அடுத்த மாதமும் அதையே சொன்னார். வாடகைக்கு மட்டும் அடுத்த மாதம் என்பது கிடையாது. கடைசியில், துறைமுகத்தில் முன்னர் வேலை பார்த்த முதிய பிற்றர் ஒருவரை அழைத்து வந்தேன். வால்வைத் தட்டிப் பார்த்தவர், "தம்பி, இது கப்பலாயிருந்தால் ஒரு நாள்கூட எரிய விட்டிருக்க மாட்டார்கள்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நூறாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

திருகோணமலையின் நவீன வரலாறே கொதிகலனின் வரலாறு எனலாம். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பே பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது. கப்பற் கொதிகலன்களின் பசி தீர்க்கவே 1920களிலும் 30களிலும் சீனன்குடாவை அடுத்த காட்டில் நூறளவு எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்து அழிந்தது. கொதிகலன் அணைந்தால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் பேரரசு தளரும். ஆகவே அதைப் பேணுவதற்கு ஆளும் இருந்தது, பணமும் இருந்தது.

ஆனால், ஆலைக் கொதிகலன்களுக்குப் பாதுகாப்பு எளிதில் வந்துவிடவில்லை. நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. வழி அடைபட்டால் இரும்பும் கிழியும். 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்து மனிதர் மாண்ட பின்னரே, 1864இல் வங்காளத்தில் கொதிகலன் பரிசோதனைக்கான சட்டம் பிறந்தது. 1905இல் அமெரிக்காவின் புரொக்ரன் நகரச் சப்பாத்துத் தொழிற்சாலையில் 58 பேர் பலியான பின்னரே மசாசுசெட்ஸ் மாநிலம் விதிகளை வகுத்தது. தொழிலாளியின் உயிரே ஒவ்வொரு விதிக்கும் விலையாயிற்று.

1882இல் பிரித்தானியா இயற்றிய கொதிகலன் வெடிப்புச் சட்டத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். வெடிப்பு ஒவ்வொன்றையும் விசாரிக்க அது வகை செய்தது. ஆனால், வீட்டுப் பயனுக்கு மட்டுமே உரிய கொதிகலன்களை அது விலக்கி வைத்தது! ஆலைக்குள் புகுந்த சட்டம் வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

வீட்டு வாசலைச் சட்டம் தாண்டிய கதை வேறு. அதைத் தாண்டச் செய்தவர்கள் பெண்கள். 1915இல், போர்க்காலத்தில், கிளாஸ்கோ நகர வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பரைப் போன்ற தொழிலாளர் குடும்பப் பெண்கள் அதைக் கொடுக்க மறுத்து அணி திரண்டனர். அவ்வாண்டிலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கெஞ்சிக் கேட்டபோது கிடைக்காதது சேர்ந்து மறுத்தபோது கிடைத்தது.

இலங்கையில் 1942ஆம் ஆண்டு இவ்விரு கதைகளையும் அருகருகே நிறுத்துகிறது. அவ்வாண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலனுக்குப் பரிசோதனையை விதித்தது. அவ்வாண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வாடகைக்கு வரம்பு கட்டியது. பின்னர் 1948இலும் 1972இலும் வாடகைச் சட்டங்கள் விரிந்தன. இவை அற்பமான வெற்றிகளல்ல. ஆயினும் வேற்றுமையை நோக்குங்கள்: ஆலைக் கொதிகலனைச் சோதிப்பது எவருடைய முறைப்பாட்டுக்கும் காத்திராத கடமை. வாடகை வீட்டின் பழுதோ, இரு தனிமனிதரின் வழக்கு. வீட்டை வாழத்தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்றே நம் நாட்டின் ரோமன்-டச்சுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் படியேற வேண்டியவர் குடியிருப்பவர். வாய் திறந்தால் வீட்டை விட்டுப் போகச் சொல்வார்களோ என்று அஞ்சுபவரும் அவரே.

வீட்டுக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. வரும் வாடகையில் ஒரு குடும்பம் அரைவயிறு உண்ணும்போது பழுதுபார்க்கப் பணம் ஏது? ஒற்றை வீட்டை நம்பி வாழும் விதவைக்கு இது உண்மை. பத்து வீடுகளுக்கு உரியவருக்கு இது சாக்கு. முன்னவருக்குப் பொதுப்பணத்திலிருந்து எளிய கடன் வேண்டும். பின்னவருக்குக் கட்டாயம் வேண்டும். இருவர் வீட்டுக்கும் பரிசோதகர் வேண்டும்.

பார்ப்பாரற்ற உடைமை என்னவாகும் என்பதற்குச் சீனன்குடாவே சாட்சி. 1957 அக்டோபரில் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்தனர். அதை நம்பியிருந்த பலர் வேலையிழந்தனர். எஞ்சிய 99 தாங்கிகளும் 2003இல் 35 ஆண்டுக் குத்தகைக்கு இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையிடம் சென்றன. அவற்றுள் சிறு தொகுதியே பயன்பட்டது. மற்றவை மரமும் கொடியும் மண்டிக் கிடந்தன. 2022இல் புதிய உடன்படிக்கை வந்து, 61 தாங்கிகள் இரு நாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கென ஒதுக்கப்பட்டன. ஆண்டுக் குத்தகை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு எழுதத் தெரியவில்லை. நாட்டின் குத்தகையில் நேர்ந்ததே நம் வீட்டு வாடகையிலும் நேர்கிறது.

என் வீட்டு வால்வை அந்தப் பிற்றர் மாற்றிக் கொடுத்தார். செலவை வாடகையில் கழிப்பேன் என்று வீட்டுக்காரருக்கு எழுதினேன். நெடுநாள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். எனக்கு எழுதத் தெரிந்தது. மாறிப் போக வேறு வீடும் கிடைக்கும் என்ற துணிவிருந்தது. அடுத்த வீட்டில் துறைமுகக் கூலித் தொழிலாளியின் குடும்பம். அவர்கள் வீட்டுக் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர்கள் எவருக்கும் எழுதவில்லை.

தனிமனிதனின் துணிச்சலால் சீராகும் வீடு ஒன்றே ஒன்று. தெரு சீராக வேண்டுமானால், கப்பலுக்கும் ஆலைக்கும் வந்த பரிசோதகர் அந்தத் தெருவுக்கும் வர வேண்டும். அவரை வரவழைப்பது தெருவின் வேலை.