ஹசார்ட் லைட்டுக்குள் ஒரு பகடைக்காய்

மழையில் கார் நடுவழியில் நின்றுவிட்டால் நீங்கள் முதலில் அழுத்துவது சிவப்பு முக்கோணம் போட்ட ஹசார்ட் லைட் சுவிட்சைத்தான். 'ஹசார்ட்' என்றால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அது ஒரு பகடைச் சூதாட்டத்தின் பெயர் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

பகடையைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல்லே இதன் மூலம் என்று பலரும் கருதுகிறார்கள். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், கேன்டர்பரி கதைகளில் இந்த ஆட்டத்தைக் கண்டித்து ஒரு பாத்திரத்தைப் பேச வைக்கிறார். 'அபாயம்' என்ற பொருள் 1500-களில்தான் சேர்ந்தது. ஆடியவர்கள் கதி அப்படி!

ஆட்டம் இப்படி: பகடையை உருட்டுபவர் முதலில் 5 முதல் 9 வரை ஓர் எண்ணைச் சொல்வார். அது 'மெயின்'. இரண்டு காய்களை உருட்டி அதே எண் விழுந்தால் ஜெயிப்பு. 2 அல்லது 3 விழுந்தால் 'கிராப்ஸ்', பணம் போச்சு. 11, 12-க்குத் தனிக் கணக்கு, அதை விட்டுவிடுவோம். வேறு எண் விழுந்தால் அது 'சான்ஸ்'. மெயின் எண் வருவதற்குள் அந்தச் சான்ஸ் மறுபடி விழ வேண்டும். காரியத்தில் கண்ணாக இருப்பவரை 'மெயின் சான்ஸ்' மேல் கண் வைத்தவர் என்று ஆங்கிலத்தில் சொல்வது இங்கிருந்து வந்ததுதான். 'சான்ஸ்' என்ற சொல்லின் வேரும் லத்தீனில் 'விழு' என்பதே. நாமும் தாயம் 'விழுந்தது' என்றுதானே சொல்கிறோம்?

சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்றவர். 1668 ஜனவரி 1 அன்று லண்டன் அரண்மனைச் சூதாட்டக் கூடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனார். சாதாரண உடையில் வந்தவர்கள்கூட நூற்றுக்கணக்கான கினி பொற்காசுகளை அலட்டிக்கொள்ளாமல் தோற்றதைக் குறித்து வைத்திருக்கிறார். அழைத்துப் போன நண்பர், பத்துக் காசு கடன் தருகிறேன், நீயும் ஆடு என்றாராம். முதல் முறை யாரும் தோற்பதில்லை, புதியவரை விரட்டிவிடும் அளவுக்குச் சாத்தான் முட்டாள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பீப்ஸ் மறுத்துவிட்டார். கைபேசி விளையாட்டில் முதல் ஆட்டத்துக்கு 'வெல்கம் போனஸ்' தருகிறார்களே, அதே சரக்குதான். வீட்டில் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

ஏமாற்றுக்காரர்களின் பாஷை தனி. பகடை விழுவதைக் கையாலேயே கட்டுப்படுத்துவதற்கு 'காக்' என்று பெயர். பிறகு அது ஏமாற்றுவது, நைச்சியமாகப் பேசிக் காரியம் சாதிப்பது என்றெல்லாம் விரிந்தது. (பற்சக்கரத்தின் 'காக்' வேறு சொல்.) உள்ளே ஈயம் வைத்த கள்ளக்காய்க்கு 'ஃபுல்லம்' என்று பெயர், ஷேக்ஸ்பியர் நாடகத்திலும் வருகிறது. அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் கனம் ஏற்றிய காயைக் குறித்த 'லோடட்' நிலைத்துவிட்டது. டிவி விவாதத்தில் 'லோடட் கொஸ்டின்' என்று கோபிக்கிறார்களே, கேள்விக்குள் யாரோ ஈயம் வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

எல்லாம் தாறுமாறாகக் கிடந்தால் 'அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்' என்பார்கள். இதற்கு லண்டனில் ஒரு சுவையான கதை உண்டு. தையல்காரர் சங்கமும் தோல் வணிகர் சங்கமும் ஊர்வலத்தில் ஆறாவது இடம் யாருக்கு என்று சண்டை போட்டன. ஆண்டுக்கு ஒருவர் ஆறாவது, மற்றவர் ஏழாவது என்று 1484-இல் மேயர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு உண்மை. ஆனால் தேதியைப் பாருங்கள்: சாசர் இறந்தது 1400-இல். ஆறையும் ஏழையும் சேர்த்த அந்தத் தொடரை அவர் அதற்கு முன்பே எழுதிவிட்டார். அங்கே அதன் பொருள், கண்ணை மூடிக்கொண்டு அனைத்தையும் பணயம் வைப்பது. பகடையில் ஐந்தும் ஆறும் என்பதற்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலேயர் வாயில் ஆறும் ஏழுமாக மாறின என்பது அறிஞர்கள் பலர் ஏற்கும் விளக்கம். ஒரு காயில் ஏழு ஏது என்று அப்போது யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஹசார்ட் ஆட்டம் இப்போது வழக்கில் இல்லை. அதன் எளிய வடிவம் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் வழியாகப் பரவி, தோல்விக் காயின் பெயரான 'கிராப்ஸ்' என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. லாஸ் வேகாஸில் இன்றும் ஆடுகிறார்கள்.