பர்மா அரிசியும் மரச்சீனியும்

மரச்சீனியும் மீன்கறியும் அறியாத வீடு நம்ம மார்த்தாண்டம் வட்டாரத்தில் உண்டா? அந்தக் கிழங்கு இங்கே ஏழையின் சோறானதற்குப் பின்னால் ஒரு மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது.

1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. அந்த சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1901-ல் சுமார் 29.5 லட்சம், 1941-ல் சுமார் 60.7 லட்சம். நாற்பதே ஆண்டில் இரட்டிப்பு! ஆள் பெருகப் பெருக நிலம் துண்டுபட்டது. துண்டு நிலத்துக்காரனும் பிழைக்க வேண்டுமே என்றுதான், 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் கற்றுக்கொடுத்தார். தேனையும் முட்டையையும் கூட்டுறவு முறையில் விற்கவும் வழி செய்தார்.

நெல் மட்டும் போதவில்லை. 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டு வயலை நனைத்தும், சமஸ்தானம் முழுவதற்கும் எட்டவில்லை. பர்மா அரிசி கப்பலில் வந்தது. வந்துகொண்டே இருந்ததால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. பஞ்சமும் ரேஷனும் வந்தன. விசாகம் திருநாள் மகாராஜா (1880-85) பரப்பிய மரச்சீனிதான் பலருடைய வயிற்றைக் காத்தது. விளைச்சலைக் கூட்ட உரம் வேண்டும் என்று 1943-ல் ஃபாக்ட் நிறுவனம் தொடங்கப்பட்டது. விறகை எரிவாயுவாக்கி அதிலிருந்து அமோனியா எடுத்தார்கள். இன்ஜினியர்களுக்கு இன்றைக்கும் வியப்பான வேலை அது.

இப்போது கணக்கு தலைகீழ். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஆனால் 2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள்தான், தலைமுறை குறையாமலிருக்க 2.1 வேண்டும். படித்த பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பெருநகரங்களுக்கும் போயாச்சு. கொத்து வேலைக்கும் பட்டறைக்கும் வடமாநிலத் தம்பிகள் வருகிறார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்பியபோது எத்தனை வேலை நின்றது என்பதை எல்லாரும் பார்த்தோம். அவர்களில் பலரை அனுப்பும் மேற்கு வங்காளத்திலேயே அந்தச் சராசரி 1.6!

அன்று அரிசிக்கு ஒரு பர்மா. இன்று ஆளுக்கும் அப்படி ஒன்றை நம்பியிருக்கிறோம். ஆள் குறைந்தாலும் நடக்கிற தோட்டம், பட்டறை, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றை உருவாக்குவது, இன்று வகுப்பறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கான வேலை. வெளியூரில் சம்பாதிக்கும் நாம் அதற்கு முதலும் அனுபவமும் கொடுக்கலாமே. கப்பல் நின்ற பிறகு யோசிப்பதைவிட அது நல்லது.